வாசகர் கேள்வி-பதில்: தண்டவாளம் ஓரத்து வீட்டில் பாட்காஸ்ட்

இலவச ஆடியோ மென்பொருளில் பாட்காஸ்ட் தயாரிப்பது பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவை இவை. பெரும்பாலோர் கையில் இருப்பது ஆடாசிட்டி என்பதால் பதில்களும் அதை வைத்தே. மெனு பெயர்கள் 3.2-க்குப் பிந்தைய பதிப்புகளில் இருக்கிறபடி. அதற்கும் பழையதை வைத்திருப்பவர்கள் முதலில் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது.

எங்க வீடு ரயில்வே லைன் ஓரம். மேல சிமென்ட் ஷீட்டு. ஃபேன் போட்டா இரைச்சல், நிறுத்துனா வேர்த்து ஊத்துது. நடுவுல ரயில் வேற. எல்லாத்தையும் ஆடாசிட்டியிலயே எடுத்துடலாம்னு சொல்றாங்களே, நிஜமா சார்?
*— வாசகி, கொருக்குப்பேட்டை*

ஃபேனைக் குறைக்கலாம். ரயிலை எடுக்க முடியாது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி, நீங்கள் காட்டுகிற சத்தத்தின் மாதிரியைக் கற்றுக்கொண்டு, பதிவு முழுக்க அதே அலைவரிசைகளில் அதே அளவில் இருப்பதைத் தணிக்கும். ஆகவே ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் அது சரிப்படும்: ஃபேன், கம்ப்யூட்டர் விசிறி, மைக்கின் சொந்த 'ஸ்ஸ்'. ரயில் ஹாரன் நொடிக்கு நொடி மாறுவது. அதுவும் உங்கள் குரல் இருக்கிற அதே இடத்தில் வந்து உட்காருவது. எடுக்கப் போனால் குரலும் கூடவே போகும். வண்டி வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். பதிவை நிறுத்த வேண்டாம். வண்டி போனதும் ஒரு முறை கையைத் தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். கைதட்டு அலைவடிவத்தில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு தெரியும், வெட்ட வேண்டிய இடத்தைத் தேட வேண்டியதில்லை.

ஃபேனுக்கு வருவோம். பதிவு தொடங்கியதும் ஐந்து விநாடி யாரும் பேசாமல், அசையாமல் இருங்கள். பிறகு அந்த இடத்தில் இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'நாய்ஸ் ரிமூவல் அண்டு ரிப்பேர்' என்ற பகுதிக்குள் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து, 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். பெட்டி மூடிக்கொள்ளும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், இது பாதிதான். கண்ட்ரோல் + ஏ கொடுத்து முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே பெட்டியை மறுபடி திறந்து, குறைப்பு அளவு 8 முதல் 10 டெசிபெல், சென்சிட்டிவிட்டி 6 என வைத்து ஓகே கொடுங்கள். 20, 24 என்று ஏற்றினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி குளறும். அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு உண்டு, யாரும் தொடுவதில்லை. அதைப் போட்டு பிரிவியூ கேட்டால், நீக்கப்படுவது மட்டும் காதில் விழும். அதில் வெறும் இரைச்சல் வந்தால் சரி. உங்கள் சொற்கள் அரைகுறையாகக் கேட்டால் அளவைக் குறையுங்கள். முடிந்ததும் 'ரெடியூஸ்' என்ற தேர்வுக்கே திருப்பி வைக்க மறக்காதீர்கள். மறந்தால் குரல் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

இத்தனைக்கும் மேல் பலன் தருவது மைக்கின் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு சாண் இருப்பதை ஒரு சாணாக்கினால் உங்கள் குரல் மைக்கில் 6 டெசிபெல் கூடும். ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் படாத பாடுபட்டுச் செய்வதில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 'ப' சொல்லும்போது வரும் காற்று மைக்கில் அறையாது.

சிமென்ட் ஷீட்டு வீட்டில் எதிரொலியும் உண்டு. முட்டை அட்டை ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அது வெளிச்சத்தத்தையும் தடுக்காது, எதிரொலியையும் பெரிதாகக் குறைக்காது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் மிச்சம். துணிக்கொடியில் கனமான பஞ்சுப் போர்வை இரண்டைத் தொங்கவிடுங்கள், எம்.சி. ரோட்டில் மலிவாகவே கிடைக்கும். ஒன்று உங்கள் முதுகுக்குப் பின்னால், இன்னொன்று மைக்குக்குப் பின்னால். ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதுகுக்குப் பின்னால். மைக் உங்களைப் பார்த்து நிற்கிறது, உங்கள் பின்சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் அது நேராக வாங்கும். வேர்வைக்கு ஒரே வழி: பத்து நிமிடம் ஃபேன் இல்லாமல் பேசுங்கள், நிறுத்துங்கள், ஃபேனைப் போட்டு ஆறுங்கள், மறுபடி பேசுங்கள்.

லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருந்தால் 'ங்ங்ங்' என்று ஒரு உறுமல் பதிவாகிறது. கழற்றினால் நின்றுவிடுகிறது. மைக் கோளாறா?
*— கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை*

மைக் நன்றாகவே இருக்கிறது. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவது. சரியான எர்த் இல்லாத இடத்தில் அந்த அதிர்வு சார்ஜர் வழியாக ஒலிக்குள் ஏறுகிறது. சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு, கழற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் மாட்டியிருந்தால் அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள்.

ஏற்கெனவே பதிவானதற்கு, ஒரே ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டியெடுக்கும் 'நாட்ச் ஃபில்டர்'. திறந்ததும் அதில் 60 என்று இருக்கும், அது அமெரிக்க மின்சாரக் கணக்கு. 50 என மாற்றுங்கள். உறுமல் மிச்சம் இருந்தால் 100, 150 ஆகியவற்றுக்கும் தனித்தனியாக ஒரு முறை.

செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கினேன். போனில் நன்றாக வேலை செய்கிற கிளிப் மைக்கை அதில் சொருகினால் அலைவடிவம் நேர்கோடாகவே வருகிறது.
*— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

பின்னின் முனையைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது போனுக்கான நான்கு தொடர்புப் பின். டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்புத் துளை, இரண்டு வளையம் உள்ள மூன்று தொடர்புப் பின்னை எதிர்பார்ப்பது. நடுவில் ஒரு 'ஒய்' ஸ்பிளிட்டர் வேண்டும்: ஒரு பக்கம் நான்கு தொடர்புத் துளை, மறுபக்கம் மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு பின். பர்மா பஜாரில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு ஹெட்போன் மாட்டும் ஸ்பிளிட்டரும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். பின்களில் மைக் படமும் ஹெட்போன் படமும் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதன் பிறகும் நேர்கோடுதான் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் மைக்ரோஃபோன்; டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி தரும் சுவிட்ச் அணைந்திருக்கும். பிறகு ஆடாசிட்டியின் 'ஆடியோ செட்டப்' பொத்தானில் ரெக்கார்டிங் டிவைஸ் சரியான மைக்தானா என்று பாருங்கள். மைக்கை மாட்டும் முன்பே ஆடாசிட்டியைத் திறந்திருந்தால் பட்டியலில் அது வராது. அங்கேயே 'ரீஸ்கேன்' கொடுக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறோம்: ப்ளூடூத் இயர்போன் மைக்கில் பதிவு செய்யாதீர்கள். மைக்கைத் திறந்த மாத்திரத்தில் அது போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும்.

கானா பாடுகிற தம்பிகளை வைத்து ஒரு எபிசோடு எடுத்தேன். பேசும்போது சரியாக இருக்கிறது. பாட்டு ஏறியதும் குரல் கரகரவென்று உடைகிறது. சரிசெய்ய வழி உண்டா?
*— வாசகர், புளியந்தோப்பு*

டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் வந்தது எதுவும் பதிவாகவில்லை, தலை வெட்டப்பட்டுவிட்டது. வியூ மெனுவில் 'ஷோ கிளிப்பிங் இன் வேவ்ஃபார்ம்' போட்டுப் பாருங்கள், வெட்டுப்பட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் முதலில் 'ஆம்ப்ளிஃபை' வழியாக 6 டெசிபெல் குறைத்துவிட்டு, அந்த இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பெட்டியிலுள்ள குறைப்பு அளவை 0 ஆக்கி 'கிளிப் ஃபிக்ஸ்' ஓட்டுங்கள். முதலில் குறைக்காமல் ஓட்டினால் அது ஊகித்து வரைகிற உச்சி 0-வைத் தாண்டிவிடும். பாட்டு முழுக்கச் சிவப்பாக இருந்தால் மறுபடி பாட வைப்பதுதான் வழி.

அடுத்த முறைக்கு: அளவு வைக்கும்போது 'ஹலோ ஹலோ செக்' வேண்டாம். பாட்டில் எந்த வரி உச்சிக்கு ஏறுமோ அதை முழுத் தொண்டையில் பாடச் சொல்லுங்கள், சட்டி அடிப்பவரும் கூடவே அடிக்கட்டும். அப்போது மீட்டர் -10 டெசிபெல்லைத் தாண்டாதபடி ரெக்கார்டிங் லெவலை இறக்குங்கள். மேடை ஏறியதும் எல்லோரும் ஒத்திகையைவிட ஓங்கித்தான் பாடுவார்கள், அந்த 10 டெசிபெல் அதற்குத்தான். பேச்சு சன்னமாகப் பதிவானால் கவலையில்லை, பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். பாடகர் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி, சட்டி இன்னும் மூன்றடி பின்னால். எல்லோரையும் ஒரே மைக்கில் எடுக்கும்போது ஆள் நிற்கும் இடம்தான் மிக்ஸிங். கழுத்துக் கிளிப் மைக்கை இதற்குக் கொண்டுவராதீர்கள், நெஞ்சருகே ஒலிக்கிற தொண்டையை அது தாங்காது. லெவலைக் குறைத்தும் உடைகிறதென்றால் உடைவது மைக்குக்குள்ளேயே. தள்ளி வைப்பது தவிர வேறு மருந்தில்லை.

ஃபுட்பால் கோச் ஒருவரைப் பேட்டி எடுத்தோம். அவர் சட்டையில் ஒரு போன், என் சட்டையில் ஒரு போன். இரண்டையும் ஆடாசிட்டியில் போட்டால் ஆரம்பத்தில் சேருகிறது, போகப் போக எதிரொலி மாதிரி விலகுகிறது. முதலில் ஒரு போனின் ஃபைல் திறக்கவே இல்லை.
*— கல்லூரி மாணவி, வியாசர்பாடி*

இரண்டு போன் முறை நல்ல முறை. ஆடாசிட்டி ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியிலிருந்துதான் ஒலி வாங்கும்; இரண்டு யு.எஸ்.பி. மைக்கைச் சொருகினாலும் ஒன்றைத்தான் எடுக்கும். தனித்தனி டிராக் வேண்டுமென்றால் நீங்கள் செய்ததுதான் மலிவான வழி.

திறக்காத ஃபைல் எம்4ஏ ஆக இருக்கும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச நூலகத்தை நிறுவினால் திறக்கும். போனின் ரெக்கார்டர் ஆப்பில் வேவ் (.wav) ஃபைல் வடிவம் இருந்தால் அடுத்த முறை அதையே தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், கேபிள் இன்னும் மேல். பதிவின்போது இரண்டு போனும் ஏர்பிளேன் மோடில் இருக்கட்டும். நடுவில் ஒரு கால் வந்தால் பல போன்களில் பதிவே நின்றுவிடும்.

விலகலுக்குக் காரணம், இரண்டு போனின் உள்கடிகாரமும் மயிரிழை வேறு வேகத்தில் ஓடுவது. நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) எடுப்பதாக இரண்டுமே சொல்லும். நிஜத்தில் ஒன்று இரண்டு கூடக்குறைய எடுக்கும். 40 நிமிடத்தில் அது 0.12 விநாடி ஆகிவிட்டால் போதும், ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கிலும் கசிந்திருப்பதால் இரட்டையாகக் கேட்கும்.

பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு போனுக்கும் நடுவில் ஒரு கைதட்டு வேண்டும். முடிவுத் தட்டைத்தான் எல்லோரும் மறப்பது. ஆடாசிட்டியில் கண்ட்ரோல் + 1 அழுத்தி நன்றாகப் பெரிதாக்கி, கிளிப்பின் மேல்பட்டையைப் பிடித்து இழுத்து, முதல் தட்டு இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வையுங்கள். பிறகு கடைசித் தட்டுக்குப் போய் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். உங்கள் கணக்கில் 0.12 விநாடி பின்தங்கல் என்று வைத்துக்கொள்வோம். 10, 20, 30-வது நிமிடங்களுக்குப் பக்கத்தில் இருவருமே பேசாத மௌனமாகப் பார்த்து, பின்தங்கும் டிராக்கை கண்ட்ரோல் + ஐ கொடுத்துப் பிரியுங்கள். முதல் துண்டு அப்படியே இருக்கட்டும். இரண்டாவதை 0.03 விநாடி முன்னே, மூன்றாவதை 0.06, நான்காவதை 0.09. மௌனத்தை அந்த அளவுக்கு ஒட்டக் கத்தரித்தால்தான் நகர இடம் கிடைக்கும். எந்த இடத்திலும் விலகல் 0.03-ஐத் தாண்டாது, காது அதை எதிரொலியாகப் பிரிக்காது. 3.4 பதிப்பில் வந்த டைம் ஸ்ட்ரெச் வசதியில் கிளிப்பின் ஓரத்தை ஆல்ட் பிடித்து இழுத்தும் சரிக்கட்டலாம். பேச்சுக்குத் துண்டு போடுவதையே நாங்கள் விரும்புகிறோம், குரலின் இயல்பு கெடாது.

சேர்ந்த பிறகும், ஒருவர் நீளமாகப் பேசும்போது மற்றவர் டிராக்கைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எல் கொடுத்து அமைதியாக்குங்கள். பேட்டி பளிச்சென்று ஆகிவிடும்.

'அது வந்து', 'ம்ம்', 'இன்னான்னா'... இதையெல்லாம் வெட்ட உட்கார்ந்தால் அரை மணி எபிசோடுக்கு ஒரு நாள் போகிறது. வெட்டிய இடம் 'டப்' என்று வேறு கேட்கிறது.
*— வாசகி, பெரம்பூர்*

எல்லாவற்றையும் வெட்டினால் பேசுகிறவர் செய்தி வாசிப்பவர் ஆகிவிடுவார். ஒரே வாக்கியத்தில் மூன்றாவது 'வந்து'-விலிருந்து எடுங்கள். யோசித்துவிட்டுச் சொல்கிற 'ம்ம்' இருக்கட்டும்.

'டப்' வருவது, அலை மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இன்னொன்றோடு ஒட்டுவதால். தேர்ந்தெடுத்ததும் இசட் விசையை அழுத்துங்கள். தேர்வின் இரு ஓரமும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். பிறகு டிலீட்.

தமிழ்ப் பேச்சில் வெட்டுவதற்கு வாகான இடம் ஒன்று உண்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் க, த, ப மூன்றையும் சொல்வதற்கு முன்னால் வாய் ஒரு கணம் அடைபடும். பெரிதாக்கிப் பார்த்தால் அலைவடிவத்தில் சின்னப் பள்ளமாகத் தெரியும். 'அது வந்து... படம் நல்லா இருந்துச்சு' என்பதில் 'ப'-வுக்கு முந்தைய பள்ளத்தில் வெட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. 'அது வந்து இன்னான்னா' என்று ஓடும்போது 'வந்து'-வின் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிவிடும், அதைப் பிரிக்கவே முடியாது. அங்கே முழுத் தொடரையும் எடுங்கள், இல்லை முழுவதும் விடுங்கள். மூச்சு இழுக்கும் சத்தத்தைப் பாதியில் வெட்டுவதும் உடனே காட்டிக்கொடுக்கும்.

நேரத்தை மிச்சப்படுத்த, முதலில் ஒரு முறை நிறுத்தாமல் கேளுங்கள். வெட்ட வேண்டிய இடம் வரும்போது கண்ட்ரோல் + எம் அழுத்தினால் அங்கே லேபிள் விழும். இரண்டாவது சுற்றில் லேபிள்களுக்கு மட்டும் போய் வேலை. நீண்ட மௌனங்களுக்கு 'ட்ரன்கேட் சைலன்ஸ்': அளவு -40 டெசிபெல், 0.8 விநாடிக்கு மேலானதை 0.5 ஆக்கு என்று கொடுங்கள். இரண்டு டிராக் இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தே ஓட்டுங்கள், தனித்தனியாக ஓட்டினால் கோத்த பேட்டி சிதறிவிடும்.

காசிமேடு மீன் ஏலச் சத்தத்தைப் பின்னணியில் வைக்க ஆசை. போனில் எடுத்தால் காற்று 'புஸ் புஸ்' என்கிறது. குரலும் மூழ்குகிறது.
*— வாசகர், ராயபுரம்*

கடற்காற்றை மென்பொருள் சரிசெய்யாது. மைக்கை ஸ்பாஞ்சால் மூடுங்கள், அதன் மேல் ரோமத் துணி உறை இருந்தால் இன்னும் நல்லது. கடலுக்கு முதுகைக் காட்டி, உடம்பால் காற்றை மறைத்து நில்லுங்கள். மிச்ச உறுமலுக்கு, கீழ் அலைவரிசைகளைக் கழிக்கும் 'ஹை-பாஸ் ஃபில்டர்' 100 ஹெர்ட்ஸ், சரிவு 24 டெசிபெல். மூன்று நிமிடமாவது விடாமல் எடுங்கள். பத்து விநாடித் துண்டை ஓட்டி ஓட்டிப் போட்டால் அதே ஆள் அதே விலையைத் திரும்பத் திரும்பக் கூவுவது அம்பலமாகிவிடும்.

குரலுக்கு அடியில் வைக்க 'ஆட்டோ டக்'. ஏலச் சத்தம் மேல் டிராக்கிலும் குரல் அதற்கு நேர்கீழ் டிராக்கிலும் இருக்க வேண்டும். மேல் டிராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினால், நீங்கள் பேசும்போதெல்லாம் அது தணியும். -12 என்று இருப்பதை, பின்னணியிலும் ஆள் குரலே இருப்பதால், -18 ஆக்குங்கள். இசைக்கு -12 போதும். பேச்சுக்கு அடியில் பேச்சு வந்தால் காது இரண்டையும் புரிந்துகொள்ளப் பார்க்கும்.

என் எபிசோடு மட்டும் மற்றவர்களுடையதைவிட மெதுவாகக் கேட்கிறது. வால்யூமை ஏற்றினால் உடைகிறது.
*— வாசகர், திருவொற்றியூர்*

ஏற்ற வேண்டியது உச்சியை இல்லை, சராசரியை. வரிசை இது: முதலில் 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ். அடுத்து, உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரெஸர், விகிதம் 3-க்கு 1. பிறகு 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்', இலக்கு -16 லஃப்ஸ் (சராசரி உரப்பை அளக்கும் அலகு). மோனோவை (ஒற்றைத் தட ஒலியை) இரட்டை மோனோவாகக் கருதும் கட்டம் டிக் ஆகியிருக்கட்டும். இந்த இடத்தில் சில உச்சிகள் 0-வைத் தாண்டிச் சிவக்கலாம். பயப்பட வேண்டாம், இது பதிவின்போது வெட்டுப்பட்டது இல்லை; ஆடாசிட்டி உள்ளே வைத்திருக்கும் 32-பிட் ஃப்ளோட் என்ற வடிவத்தில் 0-வைத் தாண்டிய உச்சியும் அழியாது. கடைசியாக, உச்சியைக் குறித்த அளவோடு நிறுத்தும் லிமிட்டரை -1.5 டெசிபெல்லில் போட்டால் அடங்கிவிடும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பதும் -16-க்கு ஒரு டெசிபெல் முன்பின், உச்சி -1-க்குள்.

பேச்சு நிகழ்ச்சியை மோனோவிலேயே ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3, 64 கே.பி.பி.எஸ். என்றால் ஒரு மணி நேரம் 29 எம்.பி.-க்குள் அடங்கும். கானா மாதிரி பாட்டு இருந்தால் 96, அது 43 எம்.பி. வரும். வேவ் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3-யைத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும்.

30 விநாடிக்குள் சினிமாப் பாட்டு போட்டால் பிரச்சினை இல்லையாமே?
*— வாசகி, எண்ணூர்*

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கு விலக்கு உண்டு; அலங்காரமாகத் தொடக்கத்தில் ஒலிக்க விடுவது அதில் சேராது. தெரிந்த தம்பி ஒருவரை பத்து விநாடிக்கு மேளம் அடிக்கச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிப் போடுங்கள்.

பதிவின் நடுவே கரண்ட் போய்விட்டது. ஃபைல் போனது போனதுதானா? ஃபிரெண்டுக்கு அனுப்பிய புராஜெக்டும் அவன் போனில் திறக்கவில்லை.
*— வாசகர், கொடுங்கையூர்*

ஆடாசிட்டியை மறுபடி திறங்கள். சேமிக்காத புராஜெக்டுகளின் பட்டியலைக் காட்டி மீட்கட்டுமா என்று கேட்கும், 'ரெக்கவர்' கொடுங்கள். கடைசிச் சில விநாடி தவிர பெரும்பாலும் கிடைத்துவிடும். அவசரத்தில் 'டிஸ்கார்ட்' அழுத்திவிட்டால் அத்தோடு சரி. பென் டிரைவில் புராஜெக்டை வைத்துக்கொண்டு நேரடியாக எடிட் செய்யாதீர்கள்.

நண்பருக்கு அனுப்பிய ஏ.யு.பி.3 ஃபைல் ஆடாசிட்டிக்கு மட்டுமே புரியும் புராஜெக்ட். கேட்பதற்கு எம்பி3 ஆக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். ஆடாசிட்டிக்கு அதிகாரபூர்வமான மொபைல் ஆப் கிடையாது. ஆப் கடையில் அந்தப் பெயரை ஒட்டி வருகிறவற்றை அவர் நிறுவிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.